ஒப்பந்தத்தில் எழுதாமல் போன தண்ணீர் நாள்

பில் மென்பொருளுக்கு ஒரு நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவது, தொழில்நுட்ப உறை, விலை உறை, மதிப்பெண் எல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கின்றன. என்னைவிட நீங்கள் அவற்றைப் புதிதாகப் படித்திருப்பீர்கள். அதனால் அவற்றைத் தாண்டிப் போகிறேன். விதிப் புத்தகத்தில் பதில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றியும், அதற்குப் பிறகு வந்த சில வாரங்களைப் பற்றியும் சொல்கிறேன்.

நகராட்சியின் பெயர் வேண்டாம். திண்டுக்கல் சமவெளியில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே மேலாளராக இருந்தேன். மாதத்தையும் கிழமையையும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் வரிசை பிசகாமல் சொல்ல முடியும். ஆண்டு முக்கியமில்லை. கைப்பேசியிலேயே தண்ணி வரி கட்ட முடியாதா என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்திருந்த காலம்.

முதலில் ஊரின் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் ஊரில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. ஊரை லைன் லைனாகப் பிரித்து, ஒவ்வொரு லைனுக்கும் ஒரு நாள் வால்வு திறப்பார்கள். நல்ல காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை. கோடையில் அதுவும் தள்ளிப்போகும். லைன் என்பது குழாய் ஓடும் வழி. வார்டு எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஒரே தெருவில் கிழக்கு வரிசை ஒரு லைன், மேற்கு வரிசை வேறு லைன் என்று இருக்கும். ஆட்கள் பகலில் வீட்டில் தங்குவதில்லை. நூற்பாலைக்கோ, பூப்பறிக்கவோ, குஜிலியம்பாறைப் பக்கம் காட்டு வேலைக்கோ போய்விடுவார்கள். தண்ணீர் வரும் நாளில் மட்டும் வீட்டுக்கு ஒருவர் நின்றுகொள்வார். ஆகவே தண்ணி வரி வசூலிக்கும் பில் கலெக்டர், அன்றைக்கு எந்த லைனுக்குத் தண்ணீரோ அந்த லைனின் பின்னாலேயே போவார். இதை யாரும் உத்தரவாகப் போட்டதில்லை. புதிதாக வருகிற பில் கலெக்டருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. இரண்டு நாள் பூட்டிய கதவுகளைப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும்.

இனி ஒப்பந்த ஆவணம். அதை வரைந்தவர் கண்காணிப்பாளர் சாகுல் ஹமீது. அலுவலகத்தில் எல்லோருக்கும் சாகுல் பாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அலுவலக நேரத்தில் என்னை 'சார்' என்பார். வாசலைத் தாண்டினால் 'மாப்ள'. வரைவு எழுதுவதில் எங்கள் மாவட்டத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. டிசம்பர் முழுக்க உட்கார்ந்து பெரிய மாநகராட்சிகளின் ஆவணங்களைத் தருவித்துப் படித்து, தடிமனான ஓர் ஆவணத்தைத் தயாரித்தார். வரி வசூலுக்குக் கையில் எடுத்துப்போகும் சிறு மெஷின், கைப்பேசி வழியே கட்டும் வசதி, தொடர்ந்து கட்டாதவர்களுக்குத் தானாகப் போகும் துண்டிப்பு அறிவிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. நான் இரண்டு முறை வாசித்துக் கையெழுத்திட்டேன். ஆணையர் ஒப்புதல் அளித்தார்.

தண்ணீர் நாளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

கல்வெட்டு வாசிக்கும் ஆர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. நிலக்கொடைக் கல்வெட்டுகளில் நான்கு எல்லையும் இருக்கும், மரம் இருக்கும், கிணறு இருக்கும், சாட்சிகளின் பெயர் இருக்கும். அந்த நிலத்தை அளந்த கோல் எவ்வளவு நீளம் என்பது பலவற்றில் இருக்காது. எழுதியவனுக்கும் கேட்டவனுக்கும் அது தெரிந்த விஷயம். யாருக்காக எழுத வேண்டும்? எங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். சாகுல் பாய் படித்த மாநகராட்சிகளில் தினமும் தண்ணீர் வந்தது. அவற்றின் ஆவணங்களில் அப்படி ஒரு பகுதி இருக்க வழியில்லை. எங்களுக்கோ அது எழுத வேண்டிய ஒன்றாகவே தோன்றவில்லை.

மாசி மாதத்தில் செயல்விளக்கம் நடந்தது. தகுதி பெற்றவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று சென்னை, ஒன்று கோவை. சென்னை நிறுவனத்தின் சார்பில் பிரவீன் என்ற இளைஞர் வந்தார். மன்றக் கூடத்தின் சுவரில் திரை விரித்து, வண்ண வண்ணமாகக் காட்டினார். உணவு இடைவேளைக்கு முன் அவர், "சார், எல்லாருக்கும் பிரியாணி சொல்லிடட்டுமா? திண்டுக்கல்ல வந்துட்டு..." என்று இழுத்தார்.

சாகுல் பாய் கண்ணாடியை இறக்கினார். "தம்பி, பிரியாணி தின்னுட்டு மார்க் போட்டா மார்க்குல மசாலா வாசம் வரும். நீங்க போய்ச் சாப்ட்டு வாங்க. நாங்க டிபன் பாக்ஸ் கொண்டாந்திருக்கோம்."

மதியம் கோவைக்காரர் வந்தார். நடுத்தர வயது. திரையைப் போடுவதற்கு முன்பே, "ஏனுங்க, உங்க ஊர்ல லைன் முறைங்களா, வார்டு முறைங்களா?" என்று கேட்டார். "லைன்தான்" என்று எங்களில் யாரோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு மேலே போனார். மதிப்பெண் தாளில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. நாங்களும் மதிப்பெண் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பங்குனியில் விலை உறைகளைத் திறந்தோம். தொழில்நுட்ப மதிப்பெண்ணையும் விலை மதிப்பெண்ணையும் சேர்த்துக் கூட்டியதில் சென்னை நிறுவனம் முதலிடம். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத முதலிடம்.

சித்திரை பிறந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. பணி ஆணைக்கு முன்பாக ஒப்பந்த வரைவைச் சரிபார்ப்பதற்காகப் பிரவீனை அழைத்திருந்தேன். ஏப்ரல் முடிவதற்குள் பணி ஆணை போகாவிட்டால் இதற்கென்று வந்த நிதி திரும்பிவிடும் என்று மேலிடத்திலிருந்து தினமும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து அவர் மடிக்கணினியை மூடும்போது, பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

"நாளைக்குத் தண்ணி வர்ற வீடுகளை மெஷின்ல எப்படி எடுப்பீங்க?"

"தண்ணி வர்ற வீடுன்னா?"

சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் ஓடவில்லை. "சார், ரூட் ஃபிக்ஸ்டு. வார்டு, தெரு, கதவு எண். காலையில மெஷின் அன்னைக்கான ரூட்டை இறக்கிக்கும். அந்த ரூட்டுக்கு வெளிய பில் போட விடாது. ஏமாத்து வேலை நடக்கக் கூடாதுன்னு நீங்கதான் கேட்டிருந்தீங்க."

"வீடு பூட்டியிருந்தா?"

"பூட்டிய வீடுன்னு ஒரு பட்டன் இருக்கு. மூணு தடவை அப்படிப் பதிவானா டிஸ்கனெக்‌ஷன் நோட்டீஸ் தானா போயிடும். அதுவும் நீங்க கேட்டதுதான் சார்."

எல்லாம் நாங்கள் கேட்டதுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம். சேர்த்துப் பார்த்தால், ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு, வேலைக்குப் போன குற்றத்துக்காகக் குழாய்த் துண்டிப்பு அறிவிப்பு போகும்.

"மாத்த முடியுமா?"

"முடியும் சார். ஆனா அது டெண்டர்ல இல்லையே. தனியா விலை குடுக்கணும்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வினாத்தாளில் இல்லாத கேள்விக்கு விடை எழுதவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது.

அன்று மாலை ஆணையரின் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். ஆணையர் என் மகள் வயதுடையவர். பணிக்கு வந்து அதிகக் காலம் ஆகவில்லை. அவர், நான், சாகுல் பாய், உதவிப் பொறியாளர். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் முதலில் பேசியவர் பொறியாளர்.

"டெண்டரை ரத்து பண்ணிட்டு மறுபடி போட்டுருவோம்."

"காரணம் எழுதணுமே" என்றேன்.

"ஆவணத்துல குறைபாடுன்னு எழுதுங்க."

சாகுல் பாய்க்கு மே மாதக் கடைசி நாளில் ஓய்வு. இங்கே புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் நாளில் ஒருவர்மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் அவரை இயல்பாக ஓய்வு பெற விட மாட்டார்கள். விசாரணை முடிகிறவரை பணிக்கொடை நிற்கும். ஓய்வூதியமும் முழுதாக வராது. சிலருக்கு வருடக்கணக்கில் இழுத்திருக்கிறது. ஆவணத்தில் குறைபாடு என்று எழுதினால் அடுத்த கேள்வி, ஆவணத்தை வரைந்தவர் யார் என்பது. நிதியும் திரும்பிப் போயிருந்தால், யாரையாவது காட்டித்தான் ஆக வேண்டும். சாகுல் பாய் அந்தப் பணத்தை நம்பி நாகல் நகரில் தம்பியோடு சேர்ந்து ஒரு செருப்புக் கடை எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஜூன் மாதம் சாவி வாங்குவதாகப் பேச்சு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பொறியாளர் குரலை இறக்கினார். "வேற ஒரு வழி இருக்கு. கோவைக்காரர் சாஃப்ட்வேர்ல லைன் முறை இருக்காம், விசாரிச்சுட்டேன். முன் அனுபவம்னு ஒரு தலைப்பு இருக்குல்ல? இவங்களுக்கு ரெண்டு குறைங்க, அவங்களுக்கு ரெண்டு கூட்டுங்க. ஊருக்கும் நல்லது, பாய்க்கும் நல்லது. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் சாகுல் பாய். "ஏம்ப்பா, நான் நல்லபடியா வீட்டுக்குப் போறதுக்கு ஊரான் வீட்டுப் பிள்ளை மார்க்கைப் பிடுங்கிக்கிட்டா போகணும்?"

"உங்களுக்காகத்தானே பாய் சொல்றேன்."

"எனக்காகன்னா கம்முனு இரு."

பொறியாளர் கெட்டவர் அல்ல. நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு யோசனையைக் கேட்பீர்கள். அதைச் சொல்பவர் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியவராகவே இருப்பார். முடிவு நல்லதாக இருக்கும்போதுதான் மதிப்பெண்ணைத் திருத்துவது எளிதாகத் தோன்றும். சென்னை நிறுவனம் நாங்கள் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லித்தான் முதலிடம் வாங்கியிருந்தது. நாங்கள் கேட்க மறந்ததற்கு அவர்களைத் தண்டிப்பதை எந்த மொழியில் எழுதினாலும் நியாயமாக எழுத முடியாது.

ஆணையர் ஒப்பந்த வரைவைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "இவங்களுக்கு நாம எதுக்குப் பணம் தர்றோம்?"

"மென்பொருளுக்கு" என்றார் பொறியாளர்.

"அது தெரியும். எந்தக் கணக்குல?"

நான் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். மாதத் தொகை என்று எதுவும் இல்லை. கட்டப்பட்ட ஒவ்வொரு பில்லுக்கும் இவ்வளவு என்பதுதான் கட்டண முறை. பில் போட்டால் போதாது. ஜனங்கள் கட்ட வேண்டும்.

"அப்ப பூட்டின வீட்டுல அவங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது" என்றார் ஆணையர். "இது நம்ம பிரச்சினைன்னு நினைச்சு நாம நாலு பேர் உட்கார்ந்திருக்கோம். அவங்களை ஏன் கூப்பிடலை?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆவணத்தை இரண்டு முறை வாசித்தவன் நான். யார் தலையில் விழும் என்ற யோசனை உள்ளே வந்த பிறகு, என்ன செய்யலாம் என்ற யோசனைக்கு அறையில் இடம் இருக்கவில்லை. அவர் அந்த இடத்தைத் திரும்ப உண்டாக்கினார். பெயர் சொல்லாமல் இவரையும் என் ஆசிரியர்களில் ஒருவராக வைத்திருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. மேசையில் உட்கார்ந்து பேசினால் பிரவீன் விலையைத்தான் பேசுவார் என்று எனக்குத் தோன்றியது. அதனால் நடக்கக் கூப்பிட்டேன். செயல்விளக்கத்துக்காக எங்கள் ஊர்க் கதவு எண்களை ஏற்றியிருந்த சோதனை மெஷினோடு வந்தார். பில் கலெக்டர் முருகேசன் முன்னே நடந்தார். நானும் சாகுல் பாயும் பின்னால். மெஷின் கொடுத்த வழியிலேயே போவது என்று முடிவு. மெஷின் எங்களை மில்லுக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவின் கிழக்கு வரிசைக்கு அனுப்பியது.

முதல் வீடு பூட்டு. இரண்டாவது வீடு பூட்டு. மூன்றாவதில் நாய் மட்டும் இருந்தது. பிரவீன் ஒவ்வொரு முறையும் 'பூட்டிய வீடு' பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தார்.

"பழகுற பட்டன்தான் சார் சீக்கிரம் தேயும்" என்றார் முருகேசன்.

ஐந்தாறு கதவு தாண்டியதும், வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்தார். "ஏலே அப்பு, யாரைத் தேடுறீங்க?"

"தண்ணி வரி வசூலுக்கு வந்திருக்கோம்மா" என்றார் பிரவீன்.

"இன்னைக்கு எங்குட்டு இருப்பாங்க? எங்க வரிசைக்குத் தண்ணி செவ்வாக்கிழமைல்ல? அன்னிக்கு வாங்க, அம்புட்டுப் பேரும் இருப்பாங்க." பிறகு முருகேசனைப் பார்த்தார். "உனக்குமா தெரியாது? புதுசா வந்தவங்களைக் கூட்டிக்கிட்டு வெயில்ல சுத்துற?"

"மெஷின் சொல்லுச்சு ஆத்தா."

"அது எந்த ஊரு?"

சாகுல் பாய் சிரிப்பை அடக்க இருமினார்.

மேற்கு வரிசை வேறு லைன். அன்று அங்கே தண்ணீர். மோட்டார் ஓடும் சத்தம், வாசலில் குடங்கள், கதவெல்லாம் திறந்திருந்தன. லுங்கி கட்டிய ஒருவர் தொட்டியை நிரப்பிக்கொண்டே முருகேசனைக் கண்டு கையைத் துடைத்தார். "வாங்க வாங்க, ரெண்டு தவணையும் சேத்துக் கட்டிருறேன். போன்லயே போட்டுரவா?"

முருகேசன் பிரவீனைப் பார்த்தார். பிரவீன் மெஷினில் இணைப்பு எண்ணைத் தட்டினார். மெஷின் ஒரு சிவப்பு வரியைக் காட்டியது. மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பு.

"என்னப்பா?"

"இந்த வரிசை இன்னைக்கு ரூட்ல இல்லைங்க. வர்ற புதன்கிழமை..."

"புதங்கெழமை நான் எரியோடு சந்தைக்குல்ல போறேன். ஏம்ப்பா, கட்டுறேன்னு நிக்கிறேன். வேணாங்கிறியே, இதென்ன ஆபீசு?"

பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எனக்கும் அப்படியே சொல்லிருங்க தம்பி. கட்ட வேணாம்னு சொன்னா சந்தோசந்தான்."

பிரவீன் சிரிக்கவில்லை. தெருவின் நடுவில் நின்று ஒருமுறை கிழக்கு வரிசையைப் பார்த்தார். ஒருமுறை மேற்கு வரிசையைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு வேப்பமரத்து நிழலில் நின்று சென்னைக்குப் பேசினார். நாங்கள் காத்திருந்தோம். அவர் பேச்சில் எங்களுக்குக் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: "சார், நாம டிசைன் பண்ணின மாதிரி போனா நமக்கு ஒரு பில்லும் விழாது."

திங்கட்கிழமை காலை அவர்களுடைய கடிதம் வந்தது. தண்ணீர் லைன் வரிசையில் வழியை அமைத்துத் தருகிறோம். கூடுதல் விலை இல்லை. முதலிடம் மாறவில்லை, விலை மாறவில்லை. அதனால் ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனையைச் சேர்க்க விதி இடம் கொடுத்தது. அதையும் மறைவாகச் செய்ய வேண்டாம் என்று ஆணையர் சொன்னதால், கோவை நிறுவனத்துக்கும் தகவல் அனுப்பினோம். கோவைக்காரர் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்னிக்கே கேட்டனுங்களே?" கேட்டார் என்பதை ஒப்புக்கொண்டேன்.

ஊர் தப்பித்தது. சாகுல் பாய் இன்னும் தப்பிக்கவில்லை. ஒப்பந்தத்தில் கடைசி நேரத்தில் ஒரு நிபந்தனை முளைத்தால், அது ஏன் ஆவணத்தில் இல்லை என்று தணிக்கையில் கேட்பார்கள். கேட்பதற்கு முன் நாமே எழுதுவதுதான் முறை. அந்தக் குறிப்பை எழுத வேண்டியவன் மேலாளரான நான்.

சாகுல் பாய் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டார். "கண்காணிப்பாளரால் விடுபட்டதுன்னு எழுதிருங்க சார். சுத்தி வளைக்காதீங்க."

"நாங்கள் எழுதவில்லைன்னு எழுதியிருக்கேன்."

"அது யாரு நாங்கள்? எழுதினது நான்தானே."

"வாசிச்சது நான். ஒப்புதல் குடுத்தது மேடம். மூணு பேர்ல ஒருத்தருக்குத் தோணியிருந்தாலும் அது ஆவணத்துல இருந்திருக்கும்."

"மாப்ள" என்றார், அலுவலக நேரத்திலேயே. "எனக்கு ஒண்ணரை மாசம். உனக்கு இன்னும் சர்வீஸ் கிடக்கு. அந்தப் புள்ளைக்கு முப்பது வருசம் கிடக்கு. என் கூட எதுக்கு நீங்க ரெண்டு பேரும் நனையிறீங்க?"

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன் பாய்."

கருணையினால் அப்படி எழுதவில்லை என்பதை உங்களிடம் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். வரைவதற்கு ஒருவர், சரிபார்ப்பதற்கு ஒருவர், ஒப்புதலுக்கு ஒருவர் என்று மூன்று கையெழுத்து வைத்திருப்பதே ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படட்டும் என்றுதான். மூவர் கண்ணுக்கும் தப்பியதை ஒருவரின் தப்பு என்று எழுதினால் அது பொய். அந்தப் பொய் சாகுல் பாயே கேட்டுக்கொண்டதாக இருந்தாலும் பொய்தான்.

ஆணையர் குறிப்பை வாசித்தார். 'நாங்கள்' என்ற சொல்லுக்குக் கீழே பேனாவை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு தன் கையாலேயே மூன்று பதவிகளையும் எழுதினார். தன்னுடையதை முதலில் எழுதினார்.

பணி ஆணை ஏப்ரலுக்குள் போய்ச் சேர்ந்தது. மே மாத நடுவில் மண்டல அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. யாராவது ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்லுமாறு கேட்டிருந்தார்கள். மூவரும் தனித்தனியாக, ஒரே விஷயத்தை எழுதி அனுப்பினோம். அதற்குப் பிறகு பதில் இல்லை. பதில் இல்லாத கடிதம் என்ன செய்யும் என்பது அரசு வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும் நாளில், அதுவும் மாலையில், ஓய்வை நிறுத்திவைக்கும் ஆணை வந்து சேர்ந்த கதைகள் எங்கள் எல்லோரிடமும் உண்டு. அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போடுவது கடைசித் தபாலைத் திறந்து பார்த்த பிறகுதான். யாரும் அதைச் சொல்லிச் செய்வதில்லை. மாலை தயாராக இருக்கும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

மே மாதக் கடைசி நாள். சாகுல் பாய் காலையில் வழக்கம்போல வந்து, வழக்கம்போல வேலை பார்த்தார். மதியத்துக்கு மேல் அவருடைய தம்பி வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். பொறியாளர் திண்டுக்கல் பூச்சந்தைக்கு ஆள் அனுப்பிப் பெரிய மாலையாக வாங்கி வந்து, அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். நான் கணினியில் மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

அலுவலகம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது மண்டல அலுவலகத்து மின்னஞ்சல் வந்தது. அச்செடுத்து ஆணையர் அறைக்கு எடுத்துப்போனேன். அவர் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து, தானே சாகுல் பாயின் மேசைக்கு வந்தார். அறை முழுக்க எழுந்து நின்றது.

"நீங்களே வாசிங்க" என்று நீட்டினார்.

சாகுல் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். மூவரின் விளக்கமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது. எனினும், மூவரும் எதிர்காலத்தில் ஒப்பந்த ஆவணங்களைக் கையாளும்போது மிகுந்த கவனத்துடன் செயல்படுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.

வாசித்து முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "எதிர்காலமா? எனக்குச் செத்த நேரந்தானே மேடம் இருக்கு எதிர்காலம்."

ஆணையர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வராந்தாவில் இருந்த தம்பி, என்ன நடந்தது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். பொறியாளர் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இரு, இரு" என்று கையைக் காட்டினார் சாகுல் பாய். "மிகுந்த கவனத்துடன்னு எழுதியிருக்காங்கல்ல."

நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் இருந்த கடைசிக் கோப்பை இழுத்தார். மின்மோட்டார் பழுதுபார்க்கும் ஒப்பந்த வரைவு. புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் ஒருவர் எழுதியது. முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பொறியாளர் நின்றார். நாங்கள் எல்லோரும் நின்றோம். ஆணையர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தார். "குதிரைத் திறன் இருக்கு, கம்பிச் சுருள் இருக்கு, உத்தரவாதம் இருக்கு. மோட்டார் எந்தக் கிணத்துல இருக்குன்னு எங்கயுமே காணமே தம்பி?"

"நம்ம பெரிய கிணறுதான் பாய்" என்றார் உதவியாளர். "அது எல்லாருக்கும் தெரியுமே."

சாகுல் பாய் பென்சிலை அவர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கி எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மாலைக்குத் தலையைக் குனிந்தார்.